25 வயசு, பார்த்தா உயர்தரப் பொடியன்: வகுப்புக்கு முன்னால எப்பிடி நிக்கிறது?

உப்புவெளி_25 எழுதியது:

வணக்கம். திருகோணமலை நகரத்துக்குள்ள ஒரு பாடசாலையில உயர்தரப் பிள்ளையளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்க நியமனம் கிடைச்சிருக்கு. வாற தவணையில வகுப்பு துவங்குது. வயசு 25, உயரம் 5 அடி 3 அங்குலம், நிறை 47 கிலோ. முகம் வட்டம். தாடி நாடியில மட்டும் கொஞ்சம், மேலுதட்டில பூனைமயிர் மாதிரி. குரல் உடைஞ்ச குரல்தான், பதட்டம் வந்தா மெலியுது. தெரியாத ஆக்கள் அடையாள அட்டையைப் பார்த்தாத்தான் வயசை நம்புகினம். வகுப்பில இருக்கப்போறது 18, 19 வயசுப் பிள்ளையள். பாதிப்பேர் என்னை விட உயரமா இருப்பினம்.

இது ஏதும் வருத்தத்தின்ர அறிகுறியா, சோதிக்க வேணுமா? உடுப்பிலயும் தலைமயிரிலயும் எதை மாத்தினா உண்மையில வித்தியாசம் தெரியும்? தாடி வளர ஏதும் பூசலாமா? முதல் நாள் வகுப்பில என்ன செய்யிறது? அக்காவுக்கும் இதே முகவெட்டு. 28 வயசு, வங்கிக் கவுண்டரில வேலை, சாறி உடுக்கிறவ. அவவுக்கும் சேர்த்துச் சொன்னா பெரிய உதவி. "40 வயசில சந்தோசப்படுவாய்" எண்ட ஆறுதல் வேண்டாம், செய்யக்கூடியதைச் சொல்லுங்கோ.

மருந்துத்துண்டு எழுதியது:

தம்பி, முதலில் உடம்பு விசயத்தைத் தீர்த்துவிட்டு உடுப்புக்குப் போவோம்.

ஒருவரின் வயதை நாங்கள் கணிப்பது பெரும்பாலும் முகத்தின் விகிதத்தை வைத்து. நெற்றி பெரிது, நாடி சிறிது, கன்னத்தில் கொழுப்பு, கண் பெரிதாகத் தெரிகிறது என்றால் மூளை உடனே "சின்னப்பிள்ளை" என்று முடிவு கட்டிவிடும். இந்த விகிதம் எலும்பாலும் கொழுப்பாலும் வருவது, அதிகமும் பரம்பரை. ஆண்களுக்குக் கீழ்த்தாடை பதின்ம வயது முடியும் மட்டும் வளரும். கன்னக் கொழுப்பு இருபதுகளின் பிற்பகுதியில் இருந்து மெல்லமெல்ல வற்றும். ஆகவே வீட்டில் அப்பா அம்மாவின் கலியாணப் படத்தை எடுத்துப் பாருங்கள். அப்பாவும் 25 வயதில் பள்ளிக்கூடப் பொடியன் போல நிற்கிறார் என்றால் பாதிப் பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது. அப்பா, மாமா யாராவது பிந்தி உயர்ந்தவர்களா, பிந்திக் குரல் உடைந்தவர்களா என்றும் கேளுங்கள். பிந்திப் பருவமடைதல் குடும்பம் குடும்பமாக வரும், அது நோய் இல்லை.

டொக்டரிடம் போகவேண்டிய அறிகுறிகள் வேறு. ஆண்பிள்ளைக்கு 14 வயதாகியும் விதைகள் பெருக்கத் தொடங்காதது, பெண்பிள்ளைக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காதது அல்லது 15 வயதாகியும் மாதவிடாய் வராதது, இவைதான் எல்லைக்கோடுகள். இருபது தாண்டியவர் பார்க்கவேண்டியவை: குரல் இன்னும் உடையவில்லை, அக்குளிலும் கீழேயும் மயிர் இல்லை அல்லது மிகக் குறைவு, உயரம் இன்னும் கூடுகிறது. கதவு நிலையில் பென்சில் கோடு ஒன்று போட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்ப அளந்தால் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். இரண்டு கையையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளவெடுங்கள். அது உயரத்தை விட 5 சென்ரிமீற்றருக்கு மேல் கூடினால், எலும்பு முனைகள் பிந்தி மூடியிருக்கலாம் என்று டொக்டர் யோசிப்பார். பலரும் கவனிக்காத இன்னொன்று மணம். கோப்பித்தூளைக் கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்த்து, பிறந்ததில் இருந்தே மணம் தெரியாதென்றால் அதையும் டொக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். மணமும் பருவ ஓமோனும் சேர்ந்து குறைகிற ஒரு பிறவிக் குறைபாடு உண்டு, அதற்கு நல்ல சிகிச்சையும் உண்டு. அக்காவுக்கென்றால், வழக்கமாக வருகிற மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து நின்றால் காட்டவேண்டும், கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு. தலையிடியோடு பக்கப்பார்வை குறைகிறதென்றால் ஆணோ பெண்ணோ நாள் கடத்தக் கூடாது.

இதில் ஏதாவது இருந்தால் மாவட்ட பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, அங்கிருந்து மருத்துவ க்ளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். சின்ன வயதில் மிட்வைஃப் நிறையும் உயரமும் புள்ளி போட்ட அட்டை வீட்டில் கிடந்தால் கொண்டுபோங்கள். எந்த வயதில் வளர்ச்சி தேங்கியது என்பதை அது ஒரே பார்வையில் காட்டும். வழக்கமாகப் பார்ப்பது முழு இரத்தப் பரிசோதனை, தைரொய்ட், எல்எச், எஃப்எஸ்எச், புரோலக்ரின் (மூன்றும் மூளையடிச் சுரப்பியின் ஓமோன்கள்), ஆணுக்கு டெஸ்டோஸ்டெரோன் என்கிற ஆண் ஓமோன். கடைசியாகச் சொன்ன சோதனைக்கு இரத்தத்தைக் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் கொடுக்கவேண்டும். பின்னேரம் அந்த அளவு இயல்பாகவே இறங்கும். நேரம் பிந்திக் கொடுத்துவிட்டுக் குறைவு என்று பயந்துபோகிறவர்கள் நிறையப்பேர்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் குரல் உடைந்திருக்கிறது, நாடியில் மயிர் வந்திருக்கிறது. மேலே சொன்ன மற்றவையும் இல்லையென்றால் சோதனைக்கு ஓடவேண்டிய தேவை இல்லை. ஆனால் நிறையைக் கவனியுங்கள். 47 கிலோவை உங்கள் உயரமான 1.6 மீற்றரால் இரண்டு தரம் பிரித்தால் 18.4 வரும், இதுதான் உடல் நிறைச் சுட்டி. 18.5க்குக் கீழே என்றால் நிறை குறைவு. வயது குறைத்துக் காட்டுகிற காரணங்களில் நீங்கள் மாற்றக்கூடியது இதுதான். ஒரு நாளைக்கு 250 முதல் 300 கலோரி கூட்டினால் மாதம் ஒரு கிலோ அளவில் ஏறும். இரண்டு முட்டை, ஒரு கை வறுத்த கச்சான் (நிலக்கடலை), அவ்வளவுதான் அந்தக் கணக்கு. கூடவே மத்தியானச் சோற்றோடு மீன் துண்டை இரண்டாக்குங்கள். உள்ளூர்ச் சூடை, கீரி மீனில் புரதம் தாராளம், விலையும் கைக்கடக்கம். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் தோளுக்கும் முதுகுக்கும் பயிற்சி: தண்டால், பாரம் இழுத்தல், ஒவ்வொன்றும் 8 முதல் 12 தரம், மூன்று சுற்று. பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் கூட்டினால் வயிறுதான் வரும். தோளும் கழுத்தும் நிரம்ப நாலைந்து மாதமாவது பொறுக்கவேண்டும்.

செய்யக் கூடாதவை இரண்டு. டெஸ்டோஸ்டெரோன் ஊசியை ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று போடாதீர்கள். வெளியிலிருந்து ஓமோன் போனால் மூளை விதைக்குக் கொடுக்கிற கட்டளை நிற்கும், விந்தணு உற்பத்தி விழும், விதை சுருங்கும். நிறுத்தினாலும் திரும்பி வர மாதக்கணக்கு எடுக்கும். அடுத்தது அக்காவுக்கு: பெயர்விபரம் இல்லாத டப்பாவில் விற்கிற வெள்ளையாக்கும் கிறீம். அவற்றில் பாதரசமோ கடும் ஸ்டீரொயிட்டோ இருப்பது பல நாடுகளில் பிடிபட்ட விசயம். ஸ்டீரொயிட் முகத்தோலை மெலிதாக்கும், நிறுத்தியதும் சிவந்து பருக்கள் கொட்டும். பாதரசம் சிறுநீரகத்துக்குப் போகும்.

கத்தரியும்_ஊசியும் எழுதியது:

தையல் பக்கம் நான் சொல்லுறன். மெலிஞ்ச ஆளை இன்னும் சின்னப்பிள்ளையாக் காட்டுறது பெரிய உடுப்பு. "பெரிசாப் போட்டா உடம்பு தெரியும்" எண்டு நினைச்சு ஆக்கள் செய்யிற பிழை இது. அண்ணன்ர சேர்ட்டைத் தம்பி போட்ட மாதிரித்தான் அது இருக்கும்.

ரெடிமேட் ஸ்மோலில முதல் பிழைக்கிறது தோள். கையையும் உடம்பையும் சேர்க்கிற தையல் தோள் எலும்பின்ர முனையில நிக்கவேணும். விரலால தடவிப் பார்த்தா ஒரு முண்டு தட்டுப்படும், அதுதான் முனை. தையல் அதில இருந்து ஒரு அங்குலம் இறங்கினாலே தோள் சரிஞ்சு தெரியும். ரெடிமேட்டில உடம்பைப் பிடிச்சுக் குறைக்கலாம், கை நீளம் குறைக்கலாம், தோளைக் குறைக்கிறது பெரிய வேலை, கையைக் கழட்டித் திரும்ப வைக்கவேணும். அதால உங்கட அளவுக்குத் தைப்பிக்கிறதுதான் லாபம். நெஞ்சளவோட 4 அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்லுங்கோ. 32 நெஞ்செண்டா சேர்ட் 36. ரெடிமேட் ஸ்மோல் 38, 40க்குப் போகும், அந்தத் துணி முழுக்க முதுகில பை மாதிரித் தூங்கும். கொலர் பூட்டினா ஒரு விரல் மட்டும் உள்ள போகவேணும். ரெண்டு விரல் போனா கழுத்து குச்சி மாதிரித் தெரியும். கொலர் நுனி இரண்டே முக்கால் அங்குலத்துக்கு மேல வேண்டாம், அகலக் கொலர் சின்ன முகத்தை விழுங்கும். பொக்கெற்றையும் சின்னனா வைக்கச் சொல்லோணும். எல்லாச் சேர்ட்டுக்கும் ஒரே அட்டையை வைச்சு வெட்டுறது பழக்கம், ஒடுங்கின நெஞ்சில அது பாதியை மூடிப்போடும்.

அரைக்கை போடுறதெண்டா கை வாயைக் கவனியுங்கோ. மெலிஞ்ச கையில அது இறக்கை மாதிரி விரிஞ்சு நிக்கும். கைச்சுற்றளவோட 2 அங்குலம் கூட்டினாப் போதும், முழங்கைக்கு ரெண்டு விரல் மேல முடியவேணும். முழுக்கை இன்னும் நல்லம். மணிக்கட்டு எலும்பில முடிச்சு, வெயிலுக்கு ரெண்டு மடிப்பு மடிச்சு முழங்கைக்குக் கீழ நிப்பாட்டுங்கோ. துணி மெல்லிசா இருக்கக்கூடாது. கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்களில எங்கட ஊரில வேர்வை நிக்காது, மெல்லிய துணி முதுகோட ஒட்டி முள்ளந்தண்டு வரைக்கும் காட்டும். நடுத்தரத் தடிப்புப் பருத்தி எடுங்கோ. வெட்ட முதல் ஒரு இரவு தண்ணியில ஊறப்போட்டுக் காயவிட்டுக் குடுங்கோ. ஊறப்போடாத பருத்தி முதல் ரெண்டு தோய்ச்சலில சுருங்கி அளவெல்லாம் பிழைச்சுப்போகும். ஒரேயடியா ஐஞ்சு தைக்காமல், ஒண்டு தைச்சு ரெண்டு தரம் தோய்ச்சுப் போட்டுப் பார்த்திட்டு மிச்சத்துக்குக் குடுங்கோ.

நிறம்தான் ஆசிரியருக்கு முக்கியம். உங்கட வகுப்புப் பொடியள் வெள்ளைச் சேர்ட், வெள்ளைக் காற்சட்டை. நீங்களும் வெள்ளைச் சேர்ட்டோட போய் நிண்டா தூரத்தில பார்க்கிறவைக்கு நீங்களும் ஒரு மாணவன்தான். நீலச் சாம்பல், கடும் பச்சை, மண் நிறம், மெல்லிய கோடு போட்டது எல்லாம் நல்லம். காற்சட்டை இடுப்பு சரியா இருக்கவேணும், பெல்ற்றால இறுக்கிச் சுருக்கு விழவிடக்கூடாது. காற்சட்டை வாய்ச் சுற்றளவு 14 அல்லது 14 அரை அங்குலம், நீளம் சப்பாத்தில தொட்டு ஒரே ஒரு மடிப்பு. முன்பக்கம் ப்ளீற் வேண்டாம். சப்பாத்து தோல், குதி ஒரு அங்குலம். ரெண்டு தோளிலயும் கொழுவுற முதுகுப்பையை வீட்டில விடுங்கோ. எவ்வளவு நல்ல உடுப்புப் போட்டாலும் அந்த ரெண்டு பட்டியும் ஆளைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஆக்கிப்போடும். கையில பிடிக்கிற பை, இல்லாட்டி ஒரு பக்கத் தோள்பை.

சீப்புக்காரன் எழுதியது:

தலைமயிர் சுருக்கமாச் சொல்லுறன். நெத்தியில மயிர் விழுந்தா வயசு குறையும், நெத்தி தெரிஞ்சா கூடும். வட்ட முகத்துக்கு மேல ரெண்டு, ரெண்டரை அங்குலம் விட்டு, ஒரு பக்க வகிடு எடுத்து மேல வாரிவிடுங்கோ. பக்கத்துக்கு மெசினில 3ஆம் இலக்கம் (10 மில்லிமீற்றர் வரும்), காதடியில 2. பக்கத்தை வழிச்சுத் தோல் தெரிய வெட்டுறது இப்ப உயர்தரப் பொடியளின்ர வெட்டு, அது உங்களுக்குச் சரிவராது. மூண்டு கிழமைக்கு ஒருக்கா வெட்டுங்கோ. காதுக்கு மேல மயிர் இறங்கினா முகம் இன்னும் வட்டமாத் தெரியும்.

அரும்பு மீசையை எடுங்கோ. அதைச் சொல்லித்தான் ஆகவேணும். மீசை இருந்தா வயசு கூடத் தெரியும் எண்டு நினைச்சு அந்தப் பூனைமயிரை வைச்சிருக்கிறவை கனபேர். உண்மையில 15 வயசுப் பொடியனுக்கு இருக்கிற மாதிரியான மீசை அது, பார்க்கிறவையின்ர கண்ணுக்கு அந்த வயசுதான் வரும். தினமும் சுத்தமா வழிச்ச முகம் அதை விட வயசு கூட்டிக் காட்டும். கன்னத்தில இடைவெளி இல்லாமல் தாடி வரத் துவங்கினாப் பிறகு 2, 3 மில்லிமீற்றரில விடலாம். வழிச்சா அடர்த்தியா வரும் எண்டது பொய். வெட்டின நுனி தட்டையா இருக்கிறதால தடவேக்க தடிப்பா இருக்கும், வேர் அதே வேர்தான். தாடி முழுசா நிரம்ப 30 வயசு வரைக்கும் எடுக்கிற ஆக்களும் இருக்கினம்.

உப்புவெளி_25 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கைவிரிப்பு அளந்தன், 161 சென்ரிமீற்றர். கோப்பி மணக்குது. அப்பாவின்ர கலியாணப் படத்தைப் பார்த்தன், விளங்கிட்டுது. மீசையும் போயிட்டுது. வகுப்பு விசயம் யாராவது சொல்லுங்கோ. தாடிக்கு மினொக்ஸிடில் பூசலாம் எண்டும், பவர் இல்லாத கண்ணாடி போட்டா வயசு கூடும் எண்டும் ஒரு நண்பன் சொல்லுறான்.

வெண்கட்டி எழுதியது:

புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுக்கிற பக்கத்தில இருந்து சொல்லுறன்.

முதல் பாடத்துக்கு மணி அடிச்சாப் பிறகு போகாதேங்கோ. ஐந்து நிமிசம் முன்னம் உள்ள இருங்கோ. பிள்ளையள் வரேக்க நீங்கள் ஏற்கெனவே அங்க வேலை செய்துகொண்டு நிண்டா, "இது ஆர்?" எண்ட கேள்வி எழும்ப முன்னமே பதில் கிடைச்சிடும். பிந்திப் போய், இருக்கிற 40 பேருக்கு நடுவால நடந்து போறதுதான் சின்ன உருவத்துக்குக் கஷ்டம். உப அதிபரோ பகுதித் தலைவரோ முதல் நாள் கூட வந்து பெயரையும் பட்டத்தையும் சொல்லி அறிமுகப்படுத்தட்டும். இதை முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு பண்ணுங்கோ, தானா நடக்கும் எண்டு இருக்காதேங்கோ.

மேசைக்குப் பின்னால நிக்காதேங்கோ. மேசை உங்கட பாதி உயரத்தை மறைக்கும். மேசைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில நில்லுங்கோ. பலகையில எழுதேக்க உங்கட தலைக்கு மேல எட்டி எழுத முயற்சிக்க வேண்டாம். பலகையை மூண்டாப் பிரிச்சு, கண் மட்டத்தில எழுதுங்கோ.

முதல் பாடத்தில விதிமுறை வாசிக்காமல் ஒரு செயலில துவங்குங்கோ. பௌதிகவியல் உங்களுக்குக் கிடைச்ச வரம். ஒரு மீற்றர் நூல், ஒரு சின்ன இரும்புக் குண்டு, மேல யன்னல் கம்பி. நூல் கட்டின இடத்தில இருந்து குண்டின்ர நடு வரைக்கும் சரியா ஒரு மீற்றர் அளந்து காட்டுங்கோ. சின்னக் கோணத்தில விட்டு, 20 அலைவுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு ஒவ்வொருத்தரையும் கொப்பியில ஊகிச்சு எழுதச் சொல்லுங்கோ. பிறகு ஒருத்தரிட்ட போன் கடிகாரத்தைக் குடுத்து அளக்க விடுங்கோ. 40 செக்கனை ஒட்டி வரும். நீங்கள் அளக்க முதல் பலகையின்ர மூலையில 40 எண்டு எழுதி, தாளால மறைச்சு ஒட்டி வைச்சிருங்கோ. தாளைக் கிழிக்கேக்க வகுப்பு முழுக்க உங்களைப் பார்க்கும், வயசு அவையின்ர மனசில இருக்காது. அங்க இருந்து ஈர்ப்பு ஆர்முடுகலுக்குப் போங்கோ. ரெண்டு பிழை வரும். கோணத்தைப் பெரிசா விட்டா நேரம் கூடும். முதல் தள்ளலை "ஒண்டு" எண்டு எண்ணினா 19 அலைவைத்தான் அளந்திருப்பினம், 38 செக்கன் வரும். எண்ணத் துவங்கிறது "சைபர்" எண்டு.

வயசு கேட்பினம். கேட்டா ஒளிக்கவும் வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். "25" எண்டு ஒரு தரம் சொல்லிப்போட்டு அடுத்த கணக்குக்குப் போங்கோ. விளக்கம் குடுக்கத் துவங்கினா அது ஒரு விளையாட்டாப் போயிடும். மாணவரை "நீங்கள்" எண்டே கூப்பிடுங்கோ. 19 வயசுக்காரனை 25 வயசுக்காரன் "நீ" எண்டா அண்ணன் தம்பிக் கதை ஆகிடும், "நீங்கள்" எண்டா உங்களுக்கும் அவருக்கும் நடுவில ஒரு மரியாதை இடைவெளி நிக்கும். "மச்சான்" சொல்லுற பொடியனைத் திட்டாமல், "சேர் எண்டு கூப்பிடுங்கோ" எண்டு அந்த இடத்திலயே, அதே குரலில சொல்லுங்கோ. வாட்ஸ்அப்பில தனித்தனியாக் கதைக்க வேண்டாம், வகுப்புக் குழு மட்டும்.

குரலைக் கட்டாயப்படுத்தி இறக்கிக் கதைக்காதேங்கோ, ரெண்டு பாடத்தில தொண்டை கட்டிப்போடும். பதட்டத்தில குரல் மெலியிறதுக்குக் காரணம் மூச்சு மேல் நெஞ்சில நிக்கிறது. வயித்துக்கு மூச்செடுத்து, ஒரு வசனத்தை ஒரு மூச்சில முடியுங்கோ. வசனத்தின்ர கடைசிச் சொல்லில குரலை இறக்குங்கோ. எங்கட ஆக்கள் பதட்டத்தில கடைசியை மேல தூக்குவினம், எல்லாம் கேள்வி மாதிரி, அனுமதி கேக்கிற மாதிரி ஒலிக்கும். வீட்டில ரெண்டு நிமிசம் போனில பதிஞ்சு கேட்டுப் பாருங்கோ. வகுப்புச் சத்தம் போட்டா அதுக்கு மேல கத்தாமல் கதையை நிப்பாட்டி மூண்டு எண்ணும் வரைக்கும் பேசாமல் நில்லுங்கோ. மின்விசிறிச் சத்தத்துக்கு மேல கத்துறதும் வேண்டாம், கிட்டப் போய்க் கதையுங்கோ.

இன்னொண்டு. எங்கட நகரம் சின்னது. பின்னேரம் டச் பே கடற்கரையில, பத்திரகாளி அம்மன் கோவிலடியில, உங்கட மாணவர் கட்டாயம் காணுவினம். அங்கயும் முழங்கால் காற்சட்டை, கார்ட்டூன் ரீசேட் இல்லாமல் போங்கோ. பாடசாலையில ஒரு தவணையாச் சேர்த்ததை ஒரு பின்னேரம் குலைச்சுப்போடும்.

மருதமுனைச்_சாறி எழுதியது:

அக்காவுக்கு. கவுண்டரில இருக்கிறதால வாடிக்கையாளர் காணுறது நெஞ்சுக்கு மேலதான். குதி உயர்ந்த சப்பாத்தில காசு செலவழிக்காமல் கவனத்தை அங்க வையுங்கோ.

பிளவுஸ் தோள் சரியா நிக்கவேணும், கை முழங்கைக்குக் கொஞ்சம் மேல வரவேணும், கைவாய் ஒரு அங்குலத்துக்கு மேல லூசா இருக்கக்கூடாது. மெலிஞ்ச உடம்புக்குச் சிபோன், ஜோர்ஜெற் ஒட்டிக்கொள்ளும். பருத்திக் கைத்தறி தன்ர வடிவத்தில நிக்கும், மருதமுனை நெசவு அதுக்கு அருமை. கரை ரெண்டு மூண்டு அங்குலத்துக்கு மேல வேண்டாம், பெரிய கரை உயரத்தைக் குறைக்கும். முந்தானையை 4 அங்குல மடிப்பா ஐஞ்சு மடிப்பு எடுத்துத் தோளில ஊசி குத்துங்கோ. கஞ்சி போடுறதெண்டா வடிச்ச கஞ்சி ஒரு கப்புக்கு நாலு கப் தண்ணி, துணியால வடிகட்டோணும். வடிகட்டாட்டி சோத்துப் பருக்கை ஒட்டி, காய்ஞ்சாப்போல வெள்ளைப் புள்ளியா நிக்கும். நிழலில காயவிட்டு, ஈரம் கொஞ்சம் இருக்கேக்க அயன் பண்ணுங்கோ.

ரெட்டைப் பின்னலும் உச்சியில கட்டுற குதிரைவாலும் பள்ளிக்கூட அடையாளம். பக்க வகிடு, பிடரியில தாழ்ந்த கொண்டை. புருவத்தை ஒழுங்கா நிரப்பினா வயசு கூடத் தெரியும். மினுங்கிற ரோஸ் உதட்டுச்சாயத்துக்குப் பதிலா மினுக்கம் இல்லாத செங்கல் நிறம்.

"தங்கச்சி, பெரிய ஆக்கள் ஆரும் இல்லையோ?" எண்டு கேட்டா சிரிச்சு மழுப்பாதேங்கோ. "ஐயா, இந்த வேலை செய்து தாறது நான்தான். புத்தகத்தைத் தாங்கோ" எண்டு சொல்லிக் கையை நீட்டுங்கோ. கையில புத்தகம் வந்தாப் பிறகு அந்தக் கேள்வி திரும்ப வராது.

மருந்துத்துண்டு எழுதியது:

தம்பி, 161 என்றால் சரி, அதை விடுங்கள்.

மினொக்ஸிடில் தலைக்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்து, தாடிக்கு அல்ல. சிலருக்கு 5 சதவீதக் கரைசலில் தாடி கூடுகிறது என்பது உண்மை. பலன் தெரிய மூன்று நாலு மாதமாவது தொடர்ந்து பூசவேண்டும், ஆரம்பத்தில் இருக்கிறதும் கொஞ்சம் உதிரும். தோல் வரண்டு செதில் எழும்பும். நெஞ்சு படபடப்போ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்தவேண்டும், இதய வருத்தம் உள்ளவர் தொடவே கூடாது. வீட்டில் பூனை இருந்தால் வேண்டவே வேண்டாம். தலையணையில் ஒட்டியதை நக்கினாலே பூனை செத்துப்போகலாம். தவணை தொடங்க முன் தாடி வரவேண்டும் என்பது உங்கள் எண்ணமென்றால், இது அதற்கு உதவாது.

கண்ணாடி பற்றி: பவர் இல்லாததைப் போடவேண்டாம். முன்வரிசைப் பிள்ளை ஒரு கிழமையில் கண்டுபிடிக்கும், பிறகு அதுவே கதை. ஆனால் கண்ணைச் சோதியுங்கள். பவர் இருந்தால் முகத்தைவிட அகலம் கூடாத, மேல்விளிம்பு தடித்த சட்டம் எடுங்கள். புருவத்துக்குக் கனம் கொடுக்கும், வட்டச் சட்டம் வட்ட முகத்துக்கு ஒத்துவராது.

குரல் பற்றி வெண்கட்டி சொன்னதோடு ஒன்று: வளர்ந்த ஆணின் பேச்சு ஏறத்தாழ 85 முதல் 180 ஹேர்ட்ஸ். போனில் இசைக்கருவி சுருதி பார்க்கிற செயலி ஒன்றைப் போட்டு, சாதாரணமாக வாசித்துப் பாருங்கள். எப்போதும் 200ஐச் சுற்றியே நின்று, இருமும்போது மட்டும் தடித்த குரல் வந்தால், குரல்வளை வளர்ந்தும் பழைய சுருதியிலேயே பேசுகிற பழக்கம் அது. பேச்சுச் சிகிச்சையாளர் பெரும்பாலும் சில கிழமைகளில் மாற்றிவிடுவார். பதட்டத்தில் மட்டும் ஏறுவது இதில் சேராது.

கத்தரியும்_ஊசியும் எழுதியது:

ஒண்டு விட்டுப்போச்சு. முதல் சேர்ட் தைச்சு வந்தவுடன காற்சட்டைக்குள்ள விட்டு, சுவரில பலகையில எழுதுற மாதிரி வலது கையைத் தூக்கிப் பத்துத்தரம் எழுதிப் பாருங்கோ. இடுப்பில இருந்து சேர்ட் வெளியில வந்தா கீழ் நீளம் காணாது, ரெண்டு அங்குலம் கூட்டச் சொல்லுங்கோ. நீளம் சரியா இருந்தும் வந்தா, அக்குள் வெட்டு கீழ இறங்கிப்போச்சு. அதை அடுத்த சேர்ட்டில முக்கால் அங்குலம் மேல ஏத்தித் தரச் சொல்லுங்கோ. இதைச் சொல்லாட்டி ஆரும் ஏத்தித் தரமாட்டினம், லூசா இருந்தாத்தான் சுகம் எண்டு நினைச்சு இறக்கித்தான் வெட்டுவினம்.